வழிகாட்டும் நேரம்

எளிய குடும்பத்துப் பிள்ளைகளைச் சமூக ஏணியில் ஏற்றிவிடுவது என்று கல்வி அலுவலகம் மனப்பூர்வமாகத் தீர்மானித்தது. அதற்குப் பள்ளிக்கொரு தலைமைத்துவ வழிகாட்டி தேவைப்பட்டார். எங்கள் பள்ளியில் அதற்குரிய முழுத் தகுதியும் எனக்கே இருந்தது. ஆலோசனைக் கூட்டத்தில் மற்றவர்கள் சட்டென்று குனிந்துகொண்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் கணக்கு ஆசிரியை. பள்ளியில் வேறு கணக்கு ஆசிரியர் கிடையாது. ஆகவே கணக்கு வகுப்புகள் அனைத்தும் வழிகாட்டும் நேரமாக உயர்த்தப்பட்டன.

என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டவள் தையல்காரரின் மகள். தொழில்நுட்பக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்; பாதி கணக்கு, பாதி அறிவியல். முதல் நாளே புத்தகமும் கையுமாக வந்து நின்றாள்.

"டீச்சர், இந்த வட்டக் கணக்கை மட்டும் சொல்லிக் குடுங்களேன்."

"கூடாதும்மா. பாடம் நடத்தினா அது வழிகாட்டுதல் ஆகாதுன்னு சுற்றறிக்கையே வந்திருக்கு."

"அப்ப என்ன செய்யப் போறோம்?"

"கண்ணை மூடு. இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எங்க இருக்கே, சொல்லு பார்ப்போம்."

"இந்தக் கணக்கு புரியலேன்னா, எங்கப்பா பக்கத்துல உக்காந்து பட்டன் தச்சிட்டு இருப்பேன்."

இதற்கு எதிர்மறைச் சிந்தனை என்று பெயர். பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பொறுமையாகக் களைந்தேன். கைகுலுக்கும் முறை, மேடையில் நிற்கும் முறை, தோல்வியை வாய்ப்பாகக் காணும் முறை ஆகியவற்றைக் கற்பித்தேன். கடைசியாகச் சொன்னது உடனே பயன்பட்டது. அறிவியலில் நல்ல மதிப்பெண்ணோடு தேறி, கணக்கில் தோற்றுப்போனாள்.

பார்வையிட வந்த அதிகாரி அவளைக் கண்டு நெகிழ்ந்துபோனார்.

"தோத்த பிறகும் எவ்வளவு கம்பீரமா நிக்குது பாருங்க! இதெல்லாம் உங்க கைவண்ணம்தாம்மா."

நான் அடக்கத்துடன் மறுக்கவில்லை. அடுத்த மாதமே வழிகாட்டிகளுக்கெல்லாம் வழிகாட்டியாகத் தலைமை அலுவலகத்தின் மேல்மாடிக்கு உயர்த்தப்பட்டேன். சுழல் நாற்காலியும் தந்தார்கள். எங்கள் பள்ளியில் ஒருவர் சமூக ஏற்றம் கண்டதாக அறிக்கை போயிற்று. அதில் பொய்யேதும் இல்லை.

நான் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"அடுத்த வருஷம் திரும்ப எழுதலாமாம், டீச்சர். உங்க இடத்துக்கு ஆள் வருவாங்களா?"

"போட்டாச்சும்மா! அந்தப் பதவியை ஒரு நாள்கூடக் காலியா விடக்கூடாதுன்னு உத்தரவு."

"புது டீச்சரா?"

"இல்லம்மா, நம்ம அறிவியல் டீச்சரேதான். இனிமே அவங்கதான் வழிகாட்டி."

அவள் கையிலிருந்த அறிவியல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர், அது ஒண்ணுதானே மிச்சம் இருந்துது!"