அஞ்சு விரல் டாக்டரும் என் சீட்டியும்

ராயபுரத்தில் அஞ்சு விரல் டாக்டரின் கை படாத கன்னம் கிடையாது.

வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்லமாட்டார். உள்ளங்கையின் அடியை நம் காதுக்கு முன்னால் வைத்து, விரல் அஞ்சையும் மூஞ்சியில் விரிப்பார். ஒன்று நெற்றிக்கு, ஒன்று கண்ணுக்கு, அப்புறம் கன்னம், வாய், கடைசி விரல் கழுத்துக்கு.

"இங்க ஒரு நரம்பு அஞ்சா பிரிஞ்சு ஓடுதுப்பா. சிரிப்பு, மொறைப்பு, எச்சி துப்புறது எல்லாம் அதோட வேலை. பல்லக் காட்டு."

காட்டினால்தான் வழிவிடுவார்.

ஒருதரம் டிராமில் ஒரு போலீஸ்காரனைக் கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மூடினான். திறப்பதற்குள், அவன் பிடித்துவைத்திருந்த ஜேப்படிக்காரன் இறங்கிப் போய்விட்டான். டாக்டருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "நல்லா மூடுது," என்றார்.

எனக்கு ஹார்பரில் சீட்டி அடிக்கிற வேலை. கப்பலின் அடிவயிற்றில் நிலக்கரிக் கூடையைக் கிரேன் கொக்கியில் கட்டுவார்கள். புழுதியில் கிரேன்காரனுக்கு என் கை தெரியாது. நீளமாக ஒரு சீட்டி அடித்தால் தூக்குவான், குட்டையாக ரெண்டு அடித்தால் இறக்குவான். உதடு குவிந்தால்தான் எனக்குச் சோறு.

காதுக்குக் கீழே கட்டி வந்தது. முதலில் பட்டாணி, பிறகு எலுமிச்சம்பழம். கட்டி கீறுகிற ஆள் ஒருத்தரைப் பிடித்தேன். வாசலில் உட்காரவைத்துக் கத்தியை எடுத்தார். தெருவில் போன டாக்டர் குறுக்கே பாய்ந்தார்.

"அங்க கீறினா வாய் கோணிக்கும். சீட்டி வராது, காத்துதான் வரும். கஞ்சி குடிச்சா சட்டையில ஒழுகும்."

"வுட்டுட்டா?"

"வளந்து அதுவே நரம்ப நெரிச்சிடும். ஆஸ்பத்திரிக்கு எங்கிட்ட வா."

கத்திக்காரரையும் பல்லைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் என் கன்னத்தில் நீல மையால் அஞ்சு கோடு போட்டார். என் சம்சாரம் பார்த்தாள்.

"இன்னாய்யா, எந்தக் கோயில்ல போட்டாங்க?"

"கத்தி வழி தவறக்கூடாதுன்னு."

"அவருக்கு வழி தெரியாதா?"

டாக்டர் பின்னால்தான் நின்றார். "தெரியும்மா. ஆனா சிலருக்கு நரம்பு சொன்ன எடத்துல இருக்காது. உன் வூட்டுக்காரன் மாதிரி."

வார்டில் நாலு பேர் தங்களுக்கும் கோடு வேண்டும் என்றார்கள். ஒருத்தருக்கு மூலம்.

மயக்கத்தில் நடந்ததைப் பிறகு கம்பவுண்டர் சொன்னார். என் மூஞ்சியைத் துணி போட்டு மூட டாக்டர் விடவில்லையாம். கம்பவுண்டருக்கு ஒரே வேலை, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது.

"சார், சிரிக்கிறான்."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

"அப்ப நரம்பத் தொட்டுட்டேன்," என்று கத்தியைப் பின்னுக்கு இழுத்தாராம்.

கட்டி போயிற்று. முழித்ததும் சீட்டி அடிக்கச் சொன்னார். காத்துதான் வந்தது. வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. சம்சாரம் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"அறுபடலம்மா. தொட்டதுக்குக் கோவிச்சுகினு கீது. வரும்."

"எப்போ?"

"கோவம் தீந்ததும்."

தினம் காலையில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சீட்டி எப்படி அடிப்பதென்று எனக்கே காட்டுவார். அவருக்குச் சீட்டி பிறவியிலேயே வராது. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காத்து ஊதுவோம்.

ஹார்பர் மேஸ்திரி பார்க்க வந்தார். என் இடத்துக்கு வேறு ஆள் போடப்போவதாகச் சொன்னார். டாக்டர் அவர் கன்னத்தில் அஞ்சு விரலையும் விரித்தார். "மாசம் முடியட்டும் நைனா." மேஸ்திரி சரி என்றார். கன்னத்தில் கை இருக்கும்போது யாராலும் மறுத்துப் பேச முடியாது.

மாசம் முடியப்போகிற சமயம். சூடு ஆறட்டும் என்று கஞ்சியை ஊதினேன். சீட்டி வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் கஞ்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பல்லக் காட்டு."

ரெண்டு பக்கமும் தெரிந்தது. டாக்டர் வராந்தாவுக்குப் போனார். மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சில வருஷம் கழித்து டாக்டர் ரங்கூனுக்கு வேலையாகப் போனார். மேஸ்திரியிடம் கேட்டு, அன்றைக்கு மட்டும் அவர் ஏறுகிற கப்பலுக்குச் சீட்டி அடிக்க நான் போனேன். கிரேன் கொக்கியில் அவர் பெட்டி.

"உள்ள இன்னா டாக்டர்?"

"பழைய வேட்டி சட்டைப்பா."

கண்ணாடிச் சாமானுக்கு எங்களிடம் தனிச் சீட்டி உண்டு. மெல்ல, இழுத்து, நடுவில் மூச்சு விடாமல் அடிக்கவேண்டும். அந்தப் பெட்டிக்கு அதைத்தான் அடித்தேன்.