மொக்கைச்சாமியின் சாம்பல் கோடு

எழுமலையில் அந்த வருஷம் தேர்தல் கூட்டத்தையே மிஞ்சியது மந்திரவாதி மொக்கைச்சாமியைத் தேடி வந்த கூட்டம். பழங்காநத்தத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். காரணம், செம்மறிகளுக்கு வந்த நடுக்கம். ஆடு சுவரில் உரசும், மயிர் கொட்டும், கால் பின்னும், விழுந்து சாகும். அந்த நோய் மாட்டுக்குத் தாவாமலிருக்க, ஆட்டுப்பட்டிக்கும் தொழுவத்துக்கும் நடுவே மந்திரச் சாம்பலால் சாமி ஒரு கோடு போடுவார். காணிக்கை ஒரு சேவல். தெய்வம் சைவம்தான், சாமிதான் அசைவம்!

"கோடு அழிஞ்சா அந்த வாரமே மாடு விழும்" என்று மிரட்டிவிட்டுப் போவார்.

புருஷன் செத்த பிறகு ஒச்சாயியின் அடுப்பு எரிந்தது ஒரு கறவை மாட்டின் பாலில். அவள் வீட்டிலும் சாமி கோடு போட்ட மறுநாள் விடியலில், கைப்பழக்கத்தில், சாணி தெளித்து வாசலோடு தொழுவத்தையும் கூட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் கோட்டைக் காணோம்! யாரிடமும் மூச்சுவிடவில்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாடோ நன்றாகத் தின்றது, நன்றாகக் கறந்தது.

பயம் தாங்காமல் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சௌரிராஜனிடம் ஓடினாள்.

"வெள்ளாடு செம்மறிக்குப் பங்காளி மாதிரிம்மா. அதுக்குத் தாவும், தள்ளிக் கட்டுங்க. மாடு தூரத்துச் சொந்தம். அதுக்குத் தாவி நான் பார்த்ததே இல்ல. உடம்புக்குள்ளயே வேலி இருக்கு."

"அப்ப சாமி போட்ட கோடு?"

"சாம்பல்."

பொங்கல் கழிந்ததும் சாமி மறுபடி வந்தார். ஊர் மந்தையில் நின்று முழங்கினார்.

"ஒரு மாட்டுக்காச்சும் வந்துச்சா? எங் கோடு காத்துச்சுல்ல! புதுக்கோடு போடணும். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு கன்னுக்குட்டி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பேயாண்டி மட்டும் முனகினார். "சாமி, என் வெள்ளாட்டுக்கு வந்துருச்சே?"

"ஒனக்கு நம்பிக்கை பத்தல!"

ஒச்சாயியிடம் இருந்தது ஒரே ஒரு கிடாரிக்கன்று. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, எங்க வீட்டுக் கோட்டை மறுநாளே கூட்டித் தள்ளிட்டேன். மாடு கல்லுக்கணக்கா நிக்கிது!"

"பொய் சொல்றா!"

"பொய்யா? ஏத்தா, எவ வீட்டுல கோடு இன்னும் இருக்கு? கையைத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. பின்னாலிருந்து சின்னத்தாய் மெல்லச் சொன்னாள். "நானும் அன்னைக்கே கூட்டிட்டேன் மதினி. பயந்துக்கிட்டு வெளிய சொல்லல."

"நானுந்தேன்!" "நானுந்தேன்!" ஒரே விடியலில் ஊரே கூட்டியிருக்கிறது, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சேவலுக்குப் பிறகு கன்றையும் கொடுக்கத் தயாராக நின்றிருக்கிறது.

"அப்ப என் சேவலு?" என்று பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். சாமி, கன்று கட்டக் கொண்டுவந்த கயிற்றைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினார்.

வாசலைத் தினமும் கூட்டுகிற ஊர் மண்டையையும் ஒரு தடவை கூட்டியிருந்தால், அத்தனை சேவலும் இன்று கூரையேறிக் கூவிக்கொண்டிருக்கும்!