ஏழு உறுப்பினர்களும் ஒரு யானையின் தீனியும்

ஒரு காட்டில் ஏழு உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அவை இருந்தது. கூடியதும் முதல் வேலையாகத் தங்கள் ஊதியத்தை உயர்த்துவார்கள். ஏழு கைகளையும் தூக்கிய களைப்பில் கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். ஊதியம் போதாதென்று பயணப்படி, விருந்தோம்பல் செலவு எல்லாம் வேறு. கும்பலிங்கம் என்ற கரடி உறுப்பினர், தொகுதிப் பிராணிகளை உபசரிப்பதாகச் சொல்லி, ஆற்றங்கரைக் கறையான் புற்றுகளை ஒவ்வொன்றாகத் தோண்டித் தானே தின்று தீர்த்தார்.

இதில் வயிற்றில் அடி விழுந்தது செதிலப்பன் என்ற அழுங்குக்கு. உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது. கறையானையும் எறும்பையும் விட்டால் அதற்கு வேறு சாப்பாடே இல்லை. கரையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புற்று. அதுவும் போனால் காட்டை விட்டே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காட்டில் கூச்சல் அதிகமானதும், தங்கள் சம்பளத்தைத் தாங்களே நிர்ணயிக்கக் கூடாது என்று அவை பெருந்தன்மையோடு முடிவெடுத்து, ஒருநபர் குழு ஒன்றை அமைத்தது. அந்த ஒரு நபராகச் செதிலப்பனையே போட்டார்கள். காரணம் உண்டு. யாராவது கிட்டே வந்து பேச்சுக் கொடுத்தால் கூச்சத்தில் பந்தாகச் சுருண்டுகொள்வது அதன் பழக்கம். அப்புறம் சிபாரிசுக்கு வருகிறவர்கள் யாரிடம் பேசுவார்கள்?

செதிலப்பன் பத்து நாள் யோசித்து இரண்டே விதிகளை எழுதியது. காட்டில் ஒரு சாதாரணப் பிராணிக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறதோ, அதுதான் உறுப்பினருக்கும். கொடுப்பதை அவரே, அவையிலேயே, எல்லோரும் பார்க்கத் தின்று முடிக்க வேண்டும். விற்கவோ மச்சானுக்குக் கொடுக்கவோ கூடாது.

இதைக் கேட்டு ஏழு முகங்களும் தொங்கிப்போயின. நாவரசு என்ற நரி உறுப்பினர் மட்டும் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"சாதாரணப் பிராணின்னா யாருங்க? யானையம்மாவுக்கும் ஓட்டு ஒண்ணுதானே? அப்ப அவங்களும் சாதாரணப் பிராணிதானே?"

பதில் சொல்ல வேண்டிய செதிலப்பனோ, இத்தனை பேர் தன்னையே பார்த்ததில் சுருண்டுவிட்டது. குழுவுக்கு ஆட்சேபணை இல்லை என்று குறிப்பெழுதிக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு யானையின் தீனி என்று கைதட்டலோடு நிறைவேறியது. சுருளுக்குள்ளே செதிலப்பன் அழுதது. இவ்வளவு கிடைத்த பிறகும் அந்தக் கரடி கடைசிப் புற்றை விட்டுவைக்கப் போகிறதா என்ன?

மறுநாள் காலை வண்டி வண்டியாகத் தீனி வந்து இறங்கியது. தலைக்கு நூற்றைம்பது கிலோ புல்லும் மூங்கில் தழையும், இருநூறு லிட்டர் தண்ணீரும். நரியார் முதல் வாய்ப் புல்லை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். கரடியார் மத்தியானத்துக்குள் மல்லாந்துவிட்டார். தின்று முடிக்காமல் கூட்டத்தை ஒத்திவைக்கவும் வழியில்லை. புல்லெல்லாம் போகிறதே என்று முதலில் முணுமுணுத்த மான்கள்கூடக் குட்டிகளை அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தன.

ஒரு வாரம் கழித்து, அன்றைய தீனியை ஒருவழியாகத் தின்று முடித்துவிட்டுக் கரடியார் ஆற்றங்கரைப் பக்கம் வந்தார். செதிலப்பன் புற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது. அவர் புற்றைப் பார்த்தார், பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார், வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். செதிலப்பனுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு அது யாரைக் கண்டும் கூச்சப்படவில்லை.

தீர்மானத்தை ரத்து செய்துவிட்டால் போயிற்று என்பீர்கள். ஆனால் சம்பளத்தைக் குறைக்க அந்த அவையில் இதுவரை ஒரு கைகூட உயர்ந்ததில்லை. கடைசியில் எல்லார் சார்பிலும் நரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செதிலப்பனிடம் வந்தார். குறைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே குறைத்துவிடலாம் என்றது அது. நரியார் பேனாவை வாங்கினார். எவ்வளவு முயன்றும் அந்த ஒரு வரியை எழுத அவருக்கு மனசு வரவில்லை. வேறொன்றை எழுதி நீட்டினார்.

"செரிமானப்படி வேணுமுங்க. போன வாரத்து நிலுவையோட."

"தாராளமா. யானைக்கு வயிறு மந்தமானா என்ன குடுப்பாங்களோ, அதையே குடுத்துடலாம்" என்று கையெழுத்துப் போட்டது செதிலப்பன்.

மறுநாள் தீனியோடு ஆளுக்கு ஐந்து வாளி வேப்பிலைக் கஷாயமும், நிலுவைக்காக ஆளுக்கு முப்பத்தைந்து வாளியும் அவைக்கு வந்து சேர்ந்தன. உறுப்பினர்கள் தட்டுத்தடுமாறி எழுந்து நின்று நன்றித் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

நீதி: ஆள்பவர்கள் கேட்பதற்கு மேலேயே கொடுங்கள், தின்று முடிக்கும்வரை எழுந்திருக்க மட்டும் விடாதீர்கள்.