மணிமொழி செய்து வைத்த சமரசம்

"அவன் உக்காந்த பெஞ்சுல நான் உக்கார மாட்டேங்க" என்றார் ஆண்டவர்.

"அவரு பாக்குற பக்கம் நான் பாக்க மாட்டேங்க" என்றார் செல்லதுரை.

ஆகவே அண்ணன் சுவரைப் பார்த்தும், தம்பி வாசலைப் பார்த்தும் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்த மணிமொழி இரண்டு முதுகுகளுக்கும் பொதுவாகப் புன்னகை செய்தாள்.

சிறுவாச்சூரில் அந்த ஹோட்டலை அவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். சமரசப் பேச்சு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும் என்று அவளே கட்டுரையில் எழுதியிருக்கிறாள். அந்தக் கட்டுரைதான் இத்தனைக்கும் காரணம்.

மணிமொழி பெரம்பலூரில் ஒரு சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். புதிய சமரசச் சட்டத்தைப் பற்றி, கோர்ட்டுக்குப் போகாமல் கிராமத்துச் சண்டைகளைப் பேசியே தீர்த்துவிடலாம் என்று நீளமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, சட்ட இதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். அது வெளிவந்தால் பதவி உயர்வு உறுதி. ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. "கட்டுரை அருமை. இதுவரை நீங்கள் ஒரு சண்டையையாவது தீர்த்து வைத்திருக்கிறீர்களா?"

இல்லை. டிவி ரிமோட் யார் கையில் இருக்க வேண்டும் என்று அவள் மாமியாருக்கும் கணவனுக்கும் நடக்கும் தகராறே இன்னும் நிலுவையில்தான் இருந்தது.

கை கொடுத்தவர் கலையரசன். அதே கல்லூரியில் சொத்துரிமைச் சட்டம் நடத்துபவர். அவருடைய அப்பா ஆண்டவரும் சித்தப்பா செல்லதுரையும் அரியலூர் பக்கம் இருக்கும் ரெண்டு ஏக்கர் நிலத்துக்காகப் பல வருஷமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள்.

"எங்க கேஸ எடுத்துக்கங்க மேடம். முடிச்சு வச்சீங்கன்னா உங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நல்ல பிள்ளை என்று மணிமொழி நினைத்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா" என்று இப்போது ஆரம்பித்தாள். "ஆளுக்கொரு ஏக்கர். பாதிப் பாதி. என்ன சொல்றீங்க?"

இரண்டு முதுகுகளும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டுத் திரும்பின.

"பாதியா? முடியவே முடியாதுங்க!" என்றார் ஆண்டவர்.

"அண்ணன் சொல்றதுதாங்க சரி" என்றார் செல்லதுரை. பிறகு என்ன நினைத்தாரோ, "அதாவது, அவரு சொல்றது எல்லாமே தப்பு. இது ஒண்ணு மட்டும் சரி" என்றார்.

கோபமாக எழுந்து வெளியே போனார்கள். ஒரே பஸ்ஸில்தான் ஏறினார்கள். அண்ணன் முன் படியில், தம்பி பின் படியில். வேறு பஸ் இல்லை போலிருக்கிறது என்று மணிமொழி பரிதாபப்பட்டாள்.

சேர்த்து வைத்துப் பேசினால்தான் வீம்பு வருகிறது. தனித்தனியாகப் பேசலாம் என்று முடிவு செய்தாள். அதற்கும் கட்டுரையில் ஒரு பகுதி இருந்தது.

முதலில் ஆண்டவர் வந்தார்.

"கேஸ்ல தோத்துட்டா என்னங்கய்யா பண்ணுவீங்க?"

"அப்பீல் போவேன்."

"ஜெயிச்சுட்டா?"

ஆண்டவர் இப்படி ஒரு கஷ்டம் வரும் என்று எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. மோவாயைத் தடவினார்.

"ஜெயிச்சா... தம்பிய அப்பீல் போவச் சொல்லுவேன்."

மணிமொழி அவசரமாக நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டாள். தோற்கும் தம்பிக்கும் இன்னொரு வாய்ப்புத் தரத் துடிக்கும் அண்ணன்! பகைக்கு அடியில் இவ்வளவு பாசமா! அன்றே கட்டுரையில் அதைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி சேர்த்தாள்.

சமரசம் செய்பவர் ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. அவளே வகுப்பில் தொண்டை கிழியக் கத்திய விதி அது. ஆனால் செல்லதுரை எதிரே வந்து உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"உங்கண்ணன் மனசு எளகிட்டாருங்க. நீங்க ஒரு வார்த்த கேட்டா, முழு நெலத்தையும் உங்களுக்கே விட்டுக்குடுத்துருவாரு."

செல்லதுரையின் முகம் வெளுத்தது.

"அய்யய்யோ! அப்புடியா சொன்னாரு? அவருக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. நான் போய் வக்கீலப் பாத்துட்டு வந்துடறேன்."

மறுவாரம் கலையரசன் தலையில் கை வைத்தபடி ஆசிரியர் அறைக்குள் வந்தார்.

"மேடம், என்ன மேடம் பேசுனீங்க? இத்தன வருஷமா நெலம் மட்டும்தான் கேஸ்ல இருந்துச்சு. இப்ப சித்தப்பா கெணத்துக்கும் தனியா ஒரு கேஸ் போட்டுட்டாரு!"

"உங்கப்பா என்ன சொல்றாரு?"

"அவரு வரப்புல நிக்குற வேப்பமரத்துக்குப் போட்டுட்டாரு மேடம்."

அவள் தலையிடும் முன் ஒரு வழக்கு. இப்போது மூன்று. இந்தக் கணக்கில் போனால் கட்டுரையின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். இதழ் ஆசிரியரும் வேறு "என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டார்.

இனி பேச்சு உதவாது, நேராகக் கையெழுத்துதான் என்று தீர்மானித்தாள். சமரச ஒப்பந்தத்தைத் தானே எழுதி, அச்சடித்து, ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய் இறங்கினாள். ஆண்டவர் வீடு பூட்டியிருந்தது. அவருடைய மனைவி கொளஞ்சியம்மாள் காட்டுக்குச் சோறு கொண்டு போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மக்காச்சோளத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தாள். வழக்கில் இருக்கும் நிலம் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் பூமியே இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வெள்ளைப் பள்ளம்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாயைப் பிளந்து கிடந்தது.

இந்தப் பக்கம், வேப்பமர நிழலில், அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே தட்டு. கருவாட்டுக் குழம்பு. தம்பி ஏதோ சொல்ல, அண்ணன் புரையேறும்படி சிரித்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் அவர் தலையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

மணிமொழிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பலித்துவிட்டது! சட்டம் ஜெயித்துவிட்டது! கட்டுரையின் கடைசி வரி மனதுக்குள் தானாகவே ஓடியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

"ஐயா! சேந்துட்டீங்களா!"

சிரிப்பு அப்படியே நின்றது.

"எட்றா என் தட்டுலேருந்து கைய!" என்று கத்தினார் ஆண்டவர்.

"உன் தட்டா? தட்டுக்கும் கேஸ் போடுவேன் பாத்துக்க!" என்று, வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியாமல், செல்லதுரை பதிலுக்குக் கத்தினார்.

"போதுங்கய்யா, இன்னும் என்ன வீம்பு? நான்தான் கண்ணால பாத்துட்டேனே!" மணிமொழி ஆனந்தக் கண்ணீரோடு பேனாவையும் ஒப்பந்தத்தையும் நீட்டினாள். "ஒரே ஒரு கையெழுத்து. மூணு கேஸும் முடிஞ்சுரும்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேரும் பரிதாபமாகக் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி மணிமொழியின் கைப்பைக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

"நீயும் உக்காந்து ரெண்டு வாய் சாப்புடு கண்ணு... கேஸ் முடிஞ்ச மறுநாளே எம்மவன் அரிச்செடுத்து இந்த நெலத்தக் கல்லு கம்பெனிக்கு வித்துருவான்னுதான், இவங்க ரெண்டு பேரும் கலந்து பேசி இந்தக் கேஸப் போட்டதே!"