அண்ணாச்சி திட்டிப் பிடித்த மீன்

புழு போட்டு மீன் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலை போட்டுப் பிடிப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். வாயால் திட்டியே மீன் பிடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர், நாங்கள் வேலைக்கு வந்து குடியிருக்கும் அமெரிக்க ஊரான சான் ரமோனின் தூண்டில் அண்ணாச்சி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், என் ஆபீஸில் டேட்டாபேஸ் பார்ப்பவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

வருஷா வருஷம் நாங்கள் நாலைந்து பேர் லீவு போட்டுவிட்டு அலாஸ்காவுக்கு சால்மன் பிடிக்கப் போவோம். எல்லோருக்கும் மாட்டும், அண்ணாச்சிக்கு மட்டும் மாட்டாது. ஒரு தடவை மானம் போகிறதே என்று திரும்பும் வழியில் கடையில் ஒரு சால்மனை வாங்கி, தானே பிடித்ததாக வீட்டில் நீட்டினார். அதன் வயிற்றில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவர் மனைவி, எங்களுக்கு மதினி, அதை உரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

போன வருஷம் மதினி தீர்ப்பே சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் நீங்க பிடிச்ச மீன் வரலன்னா, இனிமே லீவுக்கு பேர்லேண்ட்ல எங்க அக்கா வீட்டுக்குத்தான். ஆமா!"

அந்த அக்கா வீட்டுக்காரர், வருகிறவர்களை சோபாவில் உட்காரவைத்து, தன் முழங்கால் ஆபரேஷன் வீடியோவை டிவியில் போட்டுக் காட்டுபவர். அண்ணாச்சி கலங்கிப் போய்த்தான் விமானம் ஏறினார்.

ஆற்றில் இறங்கினோம். பல்லெல்லாம் தந்தியடிக்கிற குளிர். அண்ணாச்சி கைடுக்குத் தெரியாமல், தாமிரபரணியில் கெண்டைக்குப் போடுகிற மாதிரி, பெருங்காயம் போட்டுப் பிசைந்த மைதா உருண்டையைத் தூண்டிலில் செருகினார். கைடு ஒரு வெள்ளைக்காரர், பொறுமைசாலி. அதை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டை போட ஆற்றில் ஏறுகிற சால்மன் இரை எடுக்காது, மூக்குக்கு முன்னால் எதையாவது ஆட்டி எரிச்சல் மூட்டினால் கோபத்தில் கடிக்கும், அவ்வளவுதான் என்று விளக்கினார்.

அண்ணாச்சி முகத்தில் பல்பு எரிந்தது. "கோவம் வரணும், அம்புட்டுத்தான? இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா!"

பளபளக்கும் தகட்டை மாட்டி வீசிவிட்டு ஆரம்பித்தார். "ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்ல? இம்புட்டுப் பெரிய ஒடம்ப வச்சிக்கிட்டு ஒளிஞ்சா கெடக்க? ரோஷம் இருந்தா வாட்டி!"

எதிர்க்கரையில் தலைகாட்டிய கரடி ஒன்று வந்த வழியே திரும்பிப் போனது. அண்ணாச்சி மீனின் குலம் கோத்திரம் வரைக்கும் போனபோது கம்பு வளைந்தது. கத்தினார், வழுக்கினார், தண்ணீரிலேயே உட்கார்ந்தார், கம்பை மட்டும் விடவில்லை. கடைசியில் கைக்குழந்தை கனத்தில் ஒரு சால்மன் கரைக்கு வந்தது. மனிதர் அழுதேவிட்டார். பொய் சொல்வானேன், நாங்களும் அழுதோம்.

லாட்ஜில் வைஃபை கிடைத்ததும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். "ஏளா, பாரு! நானே பிடிச்சது!"

"யாரு பிடிச்சதோ! அது கெடக்கட்டும், ஊர்ல புரட்டாசி பொறந்தாச்சே, தெரியுமா?"

அந்தக் குளிரிலும் அண்ணாச்சிக்கு வேர்த்தது. பெருமாளுக்காகப் புரட்டாசி முழுக்க மீன், முட்டை எதையும் தொடாத குடும்பம். லீவு கிடைத்த அவசரத்தில் தமிழ்க் காலண்டரைப் பார்க்காமல் டிக்கெட் போட்டிருந்தார்.

"இங்க இன்னும் ஆவணிதான்ளா. டைம் ஸோன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"பெருமாளு ஸ்ரீவைகுண்டத்துலல்லா இருக்காரு?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார்.

புரட்டாசி முடியும்வரை மீன் வாசப்படி ஏறக்கூடாது என்று மதினி உத்தரவு. என் குடும்பம் நாகர்கோவில் கிறிஸ்தவக் குடும்பம், புரட்டாசி கணக்கு கிடையாது. ஆகவே சால்மன் என் வீட்டு ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் குடியேறியது. தினமும் ஆபீஸ் விட்டதும் அண்ணாச்சி வந்து, கதவைத் திறந்து, அதை நலம் விசாரித்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். "பொண்ணு பாக்க வாற மாதிரில்லா வாராரு" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

அப்போது பார்த்துக் காற்று கிளம்பியது. கரண்ட் கம்பி அறுந்து விழுந்து காட்டுத்தீ பிடித்துவிடும் என்று பயந்து எங்கள் பக்கமெல்லாம் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். மதினி டிரைவ் பண்ண, அண்ணாச்சி கடை கடையாக ஏறி ஐஸ் பைகளை அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாளும் கரண்ட் வரவில்லை. ஐஸும் தீர்ந்தது, மீன் இளகிவிட்டது. அண்ணாச்சி அதைத் தடவிக்கொண்டு, "ஒன்ன என்னவெல்லாம் பேசிட்டேன் தாயி, மன்னிச்சிரு" என்று தேம்பினார்.

மதினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடையில வாங்குன மீனுக்கு எந்த மனுசனும் இப்படி அழமாட்டான். ஸ்டெல்லா, கெட்டுப்போறதுக்குள்ள நீங்க கொழம்பு வச்சிருங்க. ஏங்க, கண்ணத் தொடைங்க. அடுத்த வருஷம் ஆவணி பொறந்ததுமே டிக்கெட் போடுங்க, நானும் வாறேன். நீங்க திட்டுறத நான் பாக்கணும்."

அன்று எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அண்ணாச்சி பின்வாசலில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்து, "தம்பி, புளி கரெக்டா இருக்கா? வயித்துத் துண்டு தின்னேளா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் வாய்க்கு வாய் பதில் சொன்னோம். வீட்டுக்குப் போனதும் மதினி அந்த ஸ்டிக்கரைக் கிழித்துக் குப்பையில் போட்டாராம்.

இதோ, ஆவணி வரப்போகிறது. நேற்று ஃப்ரீசரின் கீழ்த்தட்டைக் காலி பண்ணி வைத்தேன்.

"இந்தத் தடவ மீனு அவங்க வீட்டுக்கே போயிரும்லா? இது எதுக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"மீனு போகட்டும். அண்ணாச்சி தினமும் வரணும்லா?" என்றேன்.