அறுபத்தாறிலும் இல்லாத பக்கம்

அந்த ஐந்து வரிகள் வேதத்தில் எங்குமே இல்லை.

பிழை திருத்துகிறவர் முதல் நாள் அதை நம்பவில்லை. தன் கண்ணில்தான் கோளாறு என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பைபிளின் அறுபத்தாறு ஆகமங்களையும் அட்டையிலிருந்து அட்டைவரை புரட்டினார். மறுநாள், எழுபத்துமூன்று ஆகமங்கள் வைத்திருக்கும் இன்னொரு சபையாரிடம் இரவல் வாங்கி அதிலும் தேடினார். அவர்கள் கூடுதலாக வைத்திருந்த ஏழிலும் அது இல்லை.

அச்சகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய எந்தப் புத்தகத்திலும் பிழைத்திருத்தப் பட்டியல் ஒட்ட நேர்ந்ததில்லை. இப்போது ஒரு புள்ளி அல்ல, ஒரு பக்கமே அதிகமாக இருந்தது.

வேலை என்னவோ எளிதுதான். பக்கத்துத் தெருச் சபையார் தங்கள் பீடத்து வேதப் புத்தகத்தை அப்படியே பெரிய எழுத்தில் அச்சடித்துக் கேட்டிருந்தார்கள். பழைய பிரதி தொட்டால் உதிர்ந்தது. அதில் கிழிந்துபோன நாற்பது பக்கங்களை யாரோ, எப்போதோ, முத்து முத்தான கையெழுத்தில் நகலெடுத்துச் சேர்த்துப் பைண்டு செய்திருந்தார்கள். அந்த நாற்பதோடு நாற்பத்தொன்றாக இந்த ஏடும் உட்கார்ந்திருந்தது:

‘மேலிருந்து வருவது சொல்லாமல் வரும், ஆகையால் பாத்திரங்களை ஆயத்தமாக வை. நிறைந்ததை வெளியே ஊற்று, வெறுமையானதை மறுபடியும் கொண்டுவா. மூன்றாம் வாசல் தள்ளுகிறவனுக்குத் திறவாது, தன்னிடமாக இழுக்கிறவனுக்கே திறக்கும். வடக்கே உட்காருகிறவர்களுக்கு முன்னமே சொல். நான் திரும்பி வருமளவும் இவைகளைச் செய்.’

புள்ளிக்காரர் ஓரத்தில் பென்சிலால் ‘நீக்கலாமா?’ என்று எழுதி, போதகரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தார்.

போதகரின் முகம் வெளுத்தது. அவர் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்த ஐந்து வரிகளை வைத்தே நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிரசங்கம் செய்திருந்தார். ஒரு கல்யாணத்தில் ‘நிறைந்ததை ஊற்று’ என்று மாப்பிள்ளைக்குப் புத்தியும், ஓர் அடக்கத்தில் ‘மூன்றாம் வாசல்’ என்று விதவைக்கு ஆறுதலும் சொல்லியிருந்தார். இந்த நிமிஷம்வரை அது எந்த ஆகமம், எந்த அதிகாரம் என்று அவரும் பார்த்ததில்லை, ஒருவரும் கேட்டதில்லை.

“ஐயா, இதை என்னால முடிவு பண்ண முடியாது. மூப்பர்கள்கிட்டப் பேசுங்க” என்றார்.

சபைக்கு இரண்டு மூப்பர்கள். ஒருவர் மரக்கடைக்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இருவரும் சம்பந்திகள். ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் இந்த ஏடுதான். மூன்றாம் வாசல் என்றால் முதுமை என்பது மரக்கடைக்காரர் கட்சி. மரணம் என்பது வாத்தியார் கட்சி. வடக்கே உட்காருகிறவர்கள் முதலில் செய்தி கேட்கும் பாக்கியசாலிகள் என்றார் மரக்கடைக்காரர். முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய பாவிகள் என்றார் வாத்தியார். இதனால் ஆராதனை மண்டபத்தின் வடக்குப் பெஞ்சுகளில் ஒரு கட்சி நெருக்கியடித்து உட்காரும். இன்னொரு கட்சி அந்தப் பக்கம் குடையைக்கூடச் சாய்த்து வைக்காது.

அப்படிப்பட்ட இருவரும், ஏடு வேதத்திலேயே இல்லை என்று கேட்டதும், ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புள்ளிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

“அர்த்தத்துலதான் எங்களுக்குள்ள தகராறு” என்றார் வாத்தியார். “வேதம்ங்கிறதுல தகராறே இல்லை.”

ஏட்டை எடுத்துவிட்டால் இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே சபையைவிட்டுப் போய்விடும் என்றார் மரக்கடைக்காரர்.

சரி, அப்படியே அச்சடித்துவிடுகிறேன் என்று புள்ளிக்காரர் இறங்கி வந்தார். இறங்கியதுதான் தப்பு. அச்சில் வரப்போகிறது என்றால் சரியான விளக்கமும் அடியில் வரவேண்டும் என்று இருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். மரக்கடைக்காரர் நான்கு பக்கம், வாத்தியார் எண் போட்டு ஒன்பது பக்கம். ஐந்து வரிக்குப் பதின்மூன்று பக்கம்.

புள்ளிக்காரருக்கு விளக்கம் என்றாலே ஆகாது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பொருமித் தீர்த்தார். எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடி வாசித்தால் போதாதா, நடுவில் இவர்கள் யார் என்று கேட்டார்.

“காலையில மேஜை மேல ‘இன்று வேண்டாம்’னு ஒரு சீட்டு வச்சுட்டுப் போனீங்களே, எது வேண்டாம்?” என்று கேட்டாள் அவள்.

குழாய் ரிப்பேர்காரர் இன்று வரவேண்டாம் என்றுதான் அவர் எழுதியிருந்தார். ரிப்பேர்காரரோ வந்து, குழாயைக் கழற்றிப்போட்டுவிட்டுப் போயிருந்தார். சாப்பாடுதான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அவள் சமையலை நிறுத்திவிட்டிருந்தாள்.

பசியோடு படுத்தவர் ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். எந்த ஆகமம் வேதம், எது இல்லை என்று முதன்முதலில் முடிவு செய்தது யாரோ, அவர்கள் எப்படி முடிவு செய்தார்களோ, அப்படியே தானும் முடிவு செய்வது. வழி தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. இறையியல் கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறிப் போனார்.

அங்கே வேத வரலாறு கற்பிக்கும் பேராசிரியை பொறுமைசாலி. பட்டியல் ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை என்றார். ஒவ்வொரு ஆகமமும் தனித்தனிச் சுருளாக ஊர் ஊராகச் சுற்றியது. எதை மக்கள் கூடி வாசித்தார்களோ, எதைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார்களோ அது நின்றது. சில ஆகமங்கள் பல தலைமுறை வாசலில் காத்திருந்து உள்ளே வந்தன. சில, உள்ளே வந்தும் வெளியே போயின. பெரியவர்கள் கூடிப் பட்டியல் போட்டது பெரும்பாலும் ஏற்கெனவே நடந்துவிட்டதற்கு முத்திரை குத்தியதுதான். இன்றைக்கும் எல்லாச் சபைக்கும் ஒரே எண்ணிக்கை இல்லை.

“அளவுகோல்னு ஒண்ணும் இல்லையாம்மா?”

“பொதுவா நாலு கேள்வி கேட்டாங்க. யார் எழுதினது, எவ்வளவு பழசு, எல்லா இடத்துலயும் வாசிக்கிறாங்களா, மத்ததோட ஒத்துப்போகுதா.”

புள்ளிக்காரர் ஏட்டை நீட்டினார். பேராசிரியை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காகிதத்துக்கு முப்பது வயசுகூட இருக்காது. வாசிப்பது ஒரே ஒரு மண்டபத்தில். மற்றதோடு ஒத்துப்போகிறது, அதில் குறையில்லை. யார் எழுதியது என்பதுதான் தெரியவில்லை. நூற்றுக்கு முப்பது மார்க் என்று சொல்லிச் சிரித்தார். விளக்கத்தைப் பற்றியும் புள்ளிக்காரர் கேட்டார். எழுதியவர், யாருக்கு, எந்தச் சமயத்தில் எழுதினார் என்று தெரியாதவரை எந்த வரியும் வாசிக்கிறவன் சாய்கிற பக்கம் சாயும். விளக்கம் தேவைப்படுவது அதனால்தான் என்றார் பேராசிரியை.

திரும்பும் பேருந்தில் புள்ளிக்காரர் முடிவெடுத்தார். எழுதியவரைக் கண்டுபிடிப்பது.

அடுத்த மூன்று வாரம் அச்சகத்தில் மற்ற வேலைகள் தூசி படிந்தன. சபையில் எல்லாரும் காலமான பழைய போதகரின் பெயரைத்தான் சொன்னார்கள். அத்தனை கல்வி அவருக்குத்தான் உண்டாம். ஞானஸ்நானப் பதிவேட்டை வாங்கி ஒப்பிட்டார். பழைய போதகரின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. முன்பு இருந்த காரியதரிசி, பாடகர் குழுத் தலைவர், பொருளாளர் என்று ஒருவர் விடாமல் எழுதிக் காட்டச் சொன்னார். மரக்கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தையே தூக்கிக் கொடுத்தார். மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக நடந்ததில் அவருடைய செருப்பு தேய்ந்தது. ஒன்றும் பொருந்தவில்லை.

இதற்குள் விஷயம் வெளியே பரவிவிட்டது. ஏட்டை நம்பாதவர்கள் என்று மூன்றாவது கட்சி ஒன்று கிளம்பி, மண்டபத்து வாசலை மறித்து நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் உள்ளே நுழைய வழியில்லாமல் வெளியே நின்றபடியே ஜெபத்தைத் தொடங்கினார்.

அதைப் பார்த்ததும் புள்ளிக்காரருக்கு ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. எல்லாரையும் உட்காரவைத்து, கையில் அச்சுப்படியோடு முன்னால் போய் நின்றார். மேடையேறிப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“எழுதினவர் தெரியலை. தெரிஞ்ச மாதிரி அச்சடிக்க என் கை வராது” என்றார். “ஆனா இதை வச்சு நீங்க அழுதிருக்கீங்க, கல்யாணம் பண்ணியிருக்கீங்க. அதைக் கிழிச்சுப்போடவும் என் கை வராது.”

வேதம் முடிந்தபின், தனித்தாளில், ‘நம் சபையில் வாசிக்கப்பட்டது. எழுதியவர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு ஏடு வரும். அதன் கீழே இரண்டு விளக்கமும், ஆளுக்கு மூன்று வரி. நான்காவது வரியைத் தானே வெட்டிவிடுவதாகச் சொன்னார்.

முதலில் வாத்தியார், மூன்று வரி போதும் என்றார். மரக்கடைக்காரர் எழுந்து தெற்குப் பக்கம் நடந்துபோய், சம்பந்தியின் பக்கத்தில் இடம்விடச் சொல்லி உட்கார்ந்தார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடைபாதை நாற்காலிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

இரண்டு மாதத்தில் புத்தகம் தயாரானது. புதுப் பிரதியைப் பீடத்தில் வைத்த அன்று, கூட்டம் கலைந்தபின்னும் புள்ளிக்காரருக்குக் கிளம்ப மனம் வரவில்லை. மூப்பர்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தைப் பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தின் கடைசித் தாளைத் திருப்பி நிதானமாகப் படித்தாள்.

“எழுதியவர் தெரியவில்லைன்னு போட்டிருக்கீங்களே சார்” என்றாள். “கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே.”

அந்த நாற்பது பக்கங்களும் அவள் கையெழுத்துதானாம். பழைய போதகர் கேட்டுக்கொண்டதால் ஒரு வருஷம் உட்கார்ந்து நகலெடுத்தாளாம். அந்த வருஷம் கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலும் வேத நடையில்தான் வருமாம். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

மூப்பர்கள் இருவரும் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவளுக்கு இரண்டு பக்கமும் ஓடிவந்தார்கள். மூன்றாம் வாசல் முதுமையா, மரணமா? வடக்கே உட்காருகிறவர்கள் யார்? அந்த நாற்பத்தொன்றாவது பக்கத்தை அவள் எந்த ஆகமத்தைப் பார்த்து எழுதினாள்?

“அது எந்த ஆகமமும் இல்லீங்க” என்றாள் அவள். “நான் பிரசவத்துக்குப் போறப்போ, எனக்குப் பதிலா பெருக்க வந்த பொண்ணுக்கு எழுதி வச்ச சீட்டு, அப்போ கூரை ஒழுகும், வடக்குப் பக்கம்தான் ரொம்ப.”