ரிப்போர்ட்டில் முட்டை

அன்று காலை ஒரு சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் இனி குடிக்கிற தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் நான் கொதிப்பேன்!

பின்னே என்ன சார்? என் மனைவி தண்ணீரை இருபது நிமிஷம் காய்ச்சுவாள். காயை நாலு தடவை கழுவுவாள். தையல்கடையிலிருந்து வருகிற என்னையும் சோப்பு போடாமல் தட்டுப் பக்கம் விடமாட்டாள். இவ்வளவு செய்தும் பத்து நாளாக இரண்டு பேருக்கும் வயிற்றுவலி.

"வயித்துல பூச்சியா இருக்கும்," என்றாள். "வெளியில ஏதாவது தின்னீங்களா?"

"நானா? உன் கையால தர்றதைத் தவிர பச்சைத்தண்ணி தொடுவேனா?"

தொடுவேன். கடைக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி. வெள்ளரிக்காய், அவித்த முட்டை. சாயங்காலம் ஆறு அடித்தால் என் கால் தானாக அங்கே போகும். அது அவளுக்குத் தெரியாது என்ற தெம்பில் பந்தயம் கட்டினேன்.

"ரெண்டு பேரும் மோஷன் டெஸ்ட் எடுப்போம். வெளியில தின்னு பூச்சி கொண்டுவந்தவங்க ஒரு வருஷம் தண்ணி காய்ச்சணும், காய் கழுவணும். யாரும் தின்னலேன்னா, நீ காய்ச்சுறதையும் கழுவுறதையும் தலைமுழுகிடு. சரியா?"

"சரிங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

லேபில் ஆளுக்கொரு டப்பாவில் கொடுத்துவிட்டு வந்தோம். சின்ன டப்பா, பெரிய வெட்கம்.

மறுநாள் அவள் ரிப்போர்ட்டோடு கடைக்கே வந்தாள். ஒரு தாளைப் பிரித்தாள். என்னைப் பார்த்தாள்.

"முட்டை இருக்குன்னு போட்டிருக்கு."

கத்தரிக்கோல் நழுவியது. அடப்பாவி, இதைக்கூடவா கண்டுபிடிப்பான்?

"எத்தனைன்னு போட்டிருக்கா?"

"நிறைய."

"பொய்! ரெண்டே ரெண்டு! அதுவும் அவிச்சது!"

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கூட?"

"வெள்ளரிக்காய். அஞ்சாறு துண்டு."

"கழுவிக் கொடுத்தானா?"

"முக்கிக் கொடுத்தான். வாளியில."

"அந்த வாளித் தண்ணி?"

"மிளகாய்த்தூள் காரமா இருந்துச்சும்மா... ஒரே ஒரு டம்ளர் குடிச்சேன்."

அவள் சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே ஆடியது.

"ஐயோ, இது கோழி முட்டை இல்லீங்க! குடல் பூச்சியோட முட்டை. கண்ணுக்கே தெரியாது. மண்ணுல கிடக்கும், கழுவாத காயில ஒட்டும், அழுக்குத் தண்ணியில கலக்கும். வாய் வழியா உள்ள போய்க் குடும்பம் நடத்தும்."

"நம்மளை மாதிரியா?"

"அதுங்க பொய் சொல்லாது."

ஊர்த்துணியெல்லாம் தைக்கிற எனக்கு என் வாயைத் தைக்கத் தெரியவில்லை. டாக்டர் இரண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்தார். வலி போயிற்று. கூடவே என் மானமும் போயிற்று. ஆனாலும் சொல்கிறேன், காய் கழுவிக்கொண்டே பாட்டுப் பாடுவது தனி சுகம். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டது அவர் துரதிர்ஷ்டம்.

மூன்று வாரம் கழித்து, காலர் அளவுக்கு வெட்ட பழைய தாள் தேடினேன். அலமாரியில் அந்த ரிப்போர்ட்டுகள் கிடைத்தன. முட்டை இருந்த தாளைப் பிரித்தேன். மேலே, 'பாலினம்: பெண்.' அடுத்த தாள் என்னுடையது. 'எதுவும் காணப்படவில்லை.'

சமையலறைக்கு ஓடினேன்.

"ஏம்மா! முட்டை இருந்தது உனக்கு! எனக்கு ஒண்ணுமே இல்லை!"

"உங்களுக்குன்னு நான் எப்ப சொன்னேன்? இருக்குன்னு போட்டிருக்குன்னுதானே சொன்னேன்."

"அப்போ நீ எங்க தின்னே?"

அவள் கேரட் கூடையை என் கையில் திணித்தாள்.

"அந்த வண்டிக்காரர் தங்கமானவருங்க. அஞ்சு மணிக்கு வர்றவங்களைப் பத்தி ஆறு மணிக்கு வர்றவங்ககிட்ட மூச்சே விடமாட்டார்."